விடைபெற்ற பயிற்சியாளர்

கொதிகலன் தொழிற்சாலையால் திருவெறும்பூர் பெயர் பெற்றதுபோல, எஃகு ஆலையால் பெயர் பெற்றது ஜாம்ஷெட்பூர். அந்நகரின் கால்பந்துக் குழுவிற்கு 2020-ஆம் ஆண்டில் பயிற்சியாளராக வந்தவர் ஸ்காட்லாந்து நாட்டினராகிய ஓவன் காயில். அதற்கு முன்னர்ச் சென்னைக் குழுவை இந்தியன் சூப்பர் லீகின் இறுதியாட்டம் வரை நடத்திச் சென்றவரும் அவரே.

2022 மார்ச் 7 அன்று ஜாம்ஷெட்பூர்க் குழு கொல்கத்தாவின் மோகன் பகான் குழுவை 1-0 என்ற கணக்கில் வென்றது. 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று, முதன்முறையாக லீக் கேடயத்தை அடைந்தது. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாட்டங்கள் யாவும் கோவாவிலேயே நடைபெற்றன. பயிற்சியாளரும் வீரரும் வெளித்தொடர்பின்றிப் பல மாதம் வாழ்ந்தனர். ஊர் மக்களோ தம் குழுவின் வெற்றியைத் தொலைக்காட்சியில் மட்டுமே கண்டனர்.

அரையிறுதியில் கேரளக் குழுவிடம் தோற்ற சின்னாட்களில், குடும்பக் காரணங்களால் காயில் தாயகம் திரும்புகிறார் என்னும் செய்தி வந்தது. வெற்றி தேடித் தந்தவரைத் தம் மைதானத்தில் வரவேற்கும் வாய்ப்பே இன்றி விடைகொடுத்தல் எளிதோ? ‘எம்மை இடையில் விடுவதா?’ என்னும் ஆற்றாமை அன்புடையார்க்கு எழுவது இயல்பே.

ஆயினும், குழுவிற்கு வேறொரு பயிற்சியாளர் வருவார். இல்லத்தில் ஒருவர் இடத்தை மற்றொருவர் நிரப்ப இயலாது. காயில் தொழிலைத் துறந்தாரல்லர். ஸ்காட்லாந்திலேயே ஒரு குழுவிற்குப் பயிற்சியளித்தார். 2023-இல் சென்னைக் குழுவிற்கே மீண்டும் வந்தார். நமக்கு உழைத்தவரை நமக்கே உரியவர் என்று பிணியாது, நன்றியோடு வழியனுப்புவதே மெய்யன்பு.