கீச்சிடும் கண்ணாடி, முரண்டு பிடிக்கும் பூட்டு

கேள்வி: எங்கள் கார் 2007 மாடல். ஓட்டுநர் பக்கத்துப் பவர் விண்டோவை ஏற்றினால் கீச்கீச்சென்று சத்தம். பாதி வழியில் திணறி நின்றுவிடுகிறது. கையால் தூக்கிக் கொடுத்தால்தான் மேலே போகிறது. 'மோட்டார் போயிடுச்சு, மாத்திடுங்க' என்கிறார் மெக்கானிக். அதே கதவில் சாவியைத் திருப்புவதும் பெரும்பாடு. தேங்காய் எண்ணெய் விட்டேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: பழைய காரில் கண்ணாடி திணறினால் பழி முதலில் மோட்டார் மேல்தான் விழும். பல சமயம் மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அளவுக்கு மீறிய உராய்வை இழுத்துக்கொண்டு ஏறுவதால்தான் அது திணறுகிறது. அந்த உராய்வு எங்கே இருக்கிறது என்பதைச் சத்தமே காட்டிக்கொடுக்கும்.

கீச்சென்றால் ரப்பர். கடகடவென்றோ நறநறவென்றோ கேட்டால், கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரில் கேபிள் பிரிந்திருக்கலாம், அல்லது பிளாஸ்டிக் துண்டு ஏதாவது உடைந்திருக்கலாம். ஏறத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் 'டொக்' என்றால் போல்ட் தளர்ந்திருக்கும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி அசையவில்லை என்றால் கேபிளோ பல்சக்கரமோ போய்விட்டது. சுவிட்சை அழுத்தியும் சத்தமே இல்லையா? ஃபியூஸ், சுவிட்ச், ஒயர் இவற்றைப் பார்த்த பிறகுதான் மோட்டாரின் முறை.

இந்த வாசகரின் கார் கீச்சிடுகிறது. கண்ணாடி ஓடும் பள்ளத்தின் இரு பக்கமும் உள்ள ரப்பரை, கடையில் 'கிளாஸ் ரன்' என்றும் பொதுவாக 'பீடிங்' என்றும் சொல்வார்கள். அதன் உட்புறம் வெல்வெட் போல மெல்லிய இழை ஒட்டியிருக்கும். வருடக்கணக்கான வெயிலில் இழை தேய்ந்து, ரப்பர் இறுகிவிடும். கடலோர ஊரில் உப்பும் மண்ணும் வேறு அதற்குள் போய்ப் படியும். அந்தப் பள்ளத்தில் பிடிபட்டுக்கொண்டே ஏறும் கண்ணாடிதான் பாதியில் நிற்கிறது.

கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஒரு பழைய மரஸ்கேலில் மெல்லிய துணியைச் சுற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, பள்ளத்தை மேலிருந்து கீழ்வரை துடைக்க வேண்டும். முதல் துணி கறுப்பாகத்தான் வரும். துணி வெளுப்பாக வரும்வரை மாற்றி மாற்றித் துடைத்து, நன்றாகக் காயவிட்ட பிறகு, சிலிகான் ஸ்பிரேயை அதன் மெல்லிய குழாய் வழியாகப் பள்ளத்துக்குள் மட்டும் அடிக்க வேண்டும். கண்ணாடியை நாலைந்து தடவை ஏற்றி இறக்கினால் அது சீராகப் பரவிவிடும். அதற்கு மேல் வேண்டாம்: பல விண்டோ மோட்டார்களில் சூடேறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு உண்டு. தொடர்ந்து ஓட்டினால் சட்டென்று நிற்கும், சற்று ஆறினால் மறுபடி ஓடும். அதைப் பார்த்து மோட்டாரை மாற்றியவர்களும் உண்டு.

இந்த இடத்தில் கிரீஸோ இன்ஜின் ஆயிலோ கூடவே கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்; ஒட்டும் பிசுக்கில் புழுதி இன்னும் அதிகமாகச் சேரும்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்த காரென்றால் இன்னொரு சந்தேகம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று தீர்ப்பளித்ததும் பலர் அவசர அவசரமாக உரித்தார்கள். விளிம்பில் தங்கிய பசை அப்படியே இறுகிக் கிடக்கும் கார்களை இப்போதும் பார்க்கலாம். கண்ணாடியின் ஓரத்தில் விரலை ஓட்டினால் சொரசொரப்பு தட்டுப்படும்.

இதற்குப் பிறகும் திணறினால்? இன்ஜினை அணைத்தும் ஓடவிட்டும் ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடினால் 14 வோல்ட்டை ஒட்டி வரும். ஆகவே வேகத்தில் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. ஒன்றில் ஓடி மற்றொன்றில் அடியோடு நின்றால் பேட்டரியையும் ஒயர் இணைப்பையும் பார்க்க வேண்டும். கதவுக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் போகும் ஒயர்கள், கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் மடங்கி, கடைசியில் உள்ளுக்குள்ளேயே அறுந்துபோகும். கதவை ஆட்டினால் கண்ணாடி ஓடுகிறது என்றால் கோளாறு அங்கேதான்.

கடைசியாகத்தான் டோர் பேடைக் கழற்றுவது. கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப்பால் ஒட்டிவிட்டு, ரெகுலேட்டரைக் கண்ணாடியிலிருந்து விடுவித்து மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். விறுவிறுவென்று ஓடும் மோட்டாரை மாற்றத் தேவையில்லை. கத்தரிக்கோல் அமைப்புள்ள ரெகுலேட்டரில் சுருள் வில் இருந்தால், அதைக் கட்டிப் பிடிக்காமல் மோட்டாரைக் கழற்றுவது கைக்கு ஆபத்து. அதைப் பழகியவரிடமே விட்டுவிடலாம். பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழித்துத் தூர எறியும் பட்டறைகள் உண்டு. மழைத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பதே அந்த ஷீட்தான். திரும்ப ஒட்டச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்ப்பது நல்லது.

பாகம் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. அதற்கே இன்னும் உதிரிபாகம் விற்கிறார்கள். பழைய ரெகுலேட்டர் போதுமென்றால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம்.

இனி பூட்டு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு சாவித்துளையிலோ உள்ளே இருக்கும் கம்பிகளிலோ. திறந்த கதவில் லேசாகத் திரும்பி, மூடினால் மட்டும் இறுகுகிறது என்றால் பூட்டு நல்லதுதான், கதவு தொங்கியிருக்கிறது. கதவின் முனையைப் பிடித்து மேலே தூக்கினால் ஆட்டம் தெரியும். அது கீல் தேய்மானம், டிங்கரிங் வேலை. ஆட்டமில்லை என்றால் தூணில் உள்ள ஸ்ட்ரைக்கர் கொக்கியை ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினாலே போதும். தளர்த்துவதற்கு முன் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

சாவித்துளைக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது. உள்ளே சின்னச் சின்னத் தகடுகள் சாவிக்கேற்ப ஏறி இறங்குகின்றன. எண்ணெயில் புழுதி குழைந்து அவற்றைப் பிடித்துக்கொள்ளும். ஊட்டியாக இருந்திருந்தால் எண்ணெய் உள்ளேயே உறைந்தும் போயிருக்கும். டபிள்யூடி-40 அடித்து அந்தப் பிசுக்கைக் கழுவலாம். ஆனால் அதையே மசகாக நம்பக்கூடாது. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் அது உருவானது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக. முதலில் பயன்பட்டது அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்கு. கழுவிக் காய்ந்த பிறகு கிராஃபைட் பொடி போட்டு, சாவியைச் செருகிப் பல தடவை திருப்ப வேண்டும். பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவியையும் எடுத்துப் பார்க்கலாம். அது சுலபமாகத் திரும்பினால், தேய்ந்தது சாவி, பூட்டல்ல. டூப்ளிகேட் வெட்டுவதென்றால் அந்தப் புதுச் சாவியை வைத்தே வெட்ட வேண்டும். தேய்ந்த சாவியை நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்.

கேள்வி: பின் கதவு வெளியிலிருந்து திறக்கிறது, உள்ளிருந்து திறக்கவே இல்லை. பூட்டையே மாற்றச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: மாற்றுவதற்கு முன் அந்தக் கதவைத் திறந்து, பூட்டு இருக்கும் விளிம்பைப் பார்க்கட்டும். அங்கே சின்ன நெம்பு ஒன்று இருக்கும்; அதுதான் சைல்டு லாக். கார் கழுவும்போது துணி பட்டுக்கூட அது நகர்ந்திருக்கலாம். அதை எதிர்ப்பக்கம் தள்ளியும் திறக்கவில்லை என்றால், உள்கைப்பிடியின் கம்பியோ கேபிளோ கழன்றிருக்கும். முழுப் பூட்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அதைச் சரிபார்க்கச் சொல்லலாம்.