பூனைக்கு வால் மாட்டுகிறது

தமிழ்நாட்டு அரசுப் பாடநூலில், பத்தாம் வகுப்பு அறிவியலின் கடைசிப் பாடம் காட்சித் தொடர்பு பற்றியது. எம்ஐடி ஊடக ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட ஸ்க்ராட்ச் மென்பொருள் அதில் அறிமுகமாகிறது. திறந்தவுடன் வெள்ளை மேடையில் ஆரஞ்சு நிறப் பூனை ஒன்று நிற்கும். வண்ணக் கட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அது நடக்கும், தாவும். சென்னையில் படிக்கும் பிள்ளைக்கும், கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஆடலூரில் படிக்கும் பிள்ளைக்கும் இதே பாடம்தான். ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும் என்பதால் மலையூர்களுக்கு இது நல்ல தோது.

பூனையைத் தாவவைத்த பிள்ளை அடுத்துச் செய்ய ஆசைப்படுவது ஒரு தாவல் விளையாட்டு. சில படிகள், ஒரு சாவி, ஒரு கதவு, நடுவில் தள்ளி நகர்த்த ஒரு பெட்டி. முடித்ததும் அண்ணனிடமோ டீச்சரிடமோ கொண்டுவந்து காட்டும். காட்டும்போது அதை எப்படி எடைபோடுவது என்பதில் நம்மிடம் சில தவறான எண்ணங்கள் ஊறிக்கிடக்கின்றன. அவற்றால் நல்ல விளையாட்டு கவனிக்கப்படாமல் போகிறது. கொஞ்சம் திருத்தினால் தேறக்கூடியது திருத்தப்படாமலே நின்றுபோகிறது.

“பாக்க அழகா இருக்கு. சின்னப் பசங்களுக்குத்தான்”

ஸ்வீடன் நாட்டின் நூமினன் கேம்ஸ் 2015-இல் வெளியிட்ட ஸ்நேக்பேர்ட் விளையாட்டைத் திறந்தால் உருண்டைக் கண்ணோடு, வண்ணவண்ணமாய், பாதி பாம்பும் பாதி பறவையுமான உயிரினங்கள் இருக்கும். பழத்தைத் தின்றால் உடல் நீளும். எல்லாப் பழத்தையும் தின்றுவிட்டு வானவில் வாயிலுக்குப் போய்ச்சேர வேண்டும். விதி இவ்வளவுதான். ஆனால் நீண்ட உடலே வழியை அடைக்கும், பிடிமானம் இல்லாவிட்டால் கீழே இழுத்துவிடும். பெரியவர்களையே நாள்கணக்கில் உட்கார வைத்த புதிர்கள் அவை. 2019-இல் அதே குழு, எளிய புதிர்கள் கொண்ட இன்னொரு பதிப்பைத் தனியாகக் கொண்டுவந்தது.

ஓவியத்தின் அழகு விளையாடுபவரை உள்ளே அழைக்கிறது, அந்த வேலையை அது செய்தால் போதும். புதிரின் ஆழம் விதிகளில் இருக்கிறது.

“வீட்டில உக்காந்து செஞ்சது என்ன தரத்துல இருக்கப்போகுது?”

பின்லாந்தின் ஆர்வி டெய்கரி, ‘பாபா இஸ் யூ’ விளையாட்டின் முதல் வடிவத்தை 2017-இல் நார்டிக் கேம் ஜாம் என்ற வார இறுதிப் போட்டிக்காகச் செய்தார். முயல் போன்ற ஒரு வெள்ளைப் பிராணிதான் நாயகன். திரையில் கிடக்கும் சொற்களைத் தள்ளி வைத்தால் விளையாட்டின் விதியே மாறும். அது 2019-இல் முழு விளையாட்டாக வந்து உலகெங்கும் பேசப்பட்டது. ஜப்பானின் டைசுகே அமாயா, ‘கேவ் ஸ்டோரி’யை ஓய்வு நேரத்தில் ஐந்தாண்டுகள் தனியாகச் செய்து 2004-இல் இலவசமாகவே கொடுத்தார். தனியாள் வேலை என்பதற்காக மதிப்பைக் குறைக்கவும் வேண்டாம், ‘ஒத்தை ஆளா செஞ்சிருக்கான்’ என்று கூட்டவும் வேண்டாம்.

“மிருகம் வெறும் வேஷம்தான், பூனைக்குப் பதில் எதை வைத்தாலும் ஒன்றுதான்”

பல விளையாட்டுகளில் இது மெய்தான். ஜான் கூனி 2009-இல் செய்த ‘திஸ் இஸ் தி ஒன்லி லெவல்’ விளையாட்டில் நாயகன் ஒரு குட்டி நீல யானை. அது தாவித் தாவிப் போகும். வளர்ந்த யானைக்குத் தாவவே வராது என்பதை ஆடலூர்ப் பக்கம் வாழைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த இடத்தில் யானையை எடுத்துவிட்டு எதை வைத்தாலும் விளையாட்டு நிற்கும், ஏனென்றால் அதன் பலம் வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஆனால் மிருகத்தின் உடலிலிருந்தே புதிர் பிறக்கும்போது கிடைப்பது வேறு வகையான நிறைவு. செக் நாட்டில் 1998-இல் வந்த ‘ஃபிஷ் ஃபில்லெட்ஸ்’ விளையாட்டில் இரண்டு மீன்கள். சிறியது இண்டு இடுக்கில் நுழையும், இரும்பை அசைக்க முடியாது. பெரியது இரும்பைத் தள்ளும், இடுக்கில் நுழையாது. மீனின் அளவே அங்கே விதி. 2004-இல் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இன்றும் இலவசமாக ஆடலாம்.

பழனி மலைப் பிள்ளைக்கு இதைவிட நல்ல நாயகன் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது: மலை அணில். கூடியமட்டும் தரையில் இறங்காது. மரத்துக்கு மரம் ஆறு மீட்டர் வரை தாவும். ஒரே அணில் பல கூடுகள் கட்டி வைத்திருக்கும். ஆபத்து வந்தால் ஓடுவதைவிடக் கிளையோடு கிளையாக ஒட்டி அசையாமல் கிடப்பதுதான் அதன் வழக்கம். இவை ஒவ்வொன்றும் விதியாகும். தரையைத் தொட்டால் தோல்வி. தாவும் தூரத்துக்கு ஓர் எல்லை. கூடுதான் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் இடம். பருந்தின் நிழல் வரும்போது ஒரு பொத்தானை அழுத்தி ஒட்டிக்கொள்ள வேண்டும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு விட்ட மரங்களின் கிளைகளைக் கழிப்பார்கள் இல்லையா, கழித்த இடத்தில் பாதை அறுந்துபோகும். மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தைச் சுற்றித்தான் அடுத்த வழி. இப்படியொரு விளையாட்டை மலையில் வளர்ந்த பிள்ளையால்தான் சரியாகச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எடைபோடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மிருகத்தை எடுத்துவிட்டு ஒரு சதுரத்தை வைத்தால் புதிர் மாறுமா? மாறும் என்றால் செய்தவர் மிருகத்தைக் கவனித்திருக்கிறார்.

“கஷ்டமா இருந்தாத்தான் நல்ல புதிர்”

கஷ்டத்தில் மூன்று வகை இருக்கிறது: மூளைக்குக் கஷ்டம், கைக்குக் கஷ்டம், குறைபாட்டால் வரும் கஷ்டம். மூன்றையும் ஒன்றாகப் போட்டு ‘செம டஃப்பா இருக்கு’ என்று பாராட்டிவிடுகிறோம். மூன்றாவது வகையைப் பாராட்டுவது செய்தவருக்குச் செய்யும் தீங்கு.

பூனையின் வாலையே பாருங்கள். ஒரு உருவம் இன்னொன்றைத் தொடுகிறதா என்று ஸ்க்ராட்ச் பார்ப்பது அந்த உருவத்தின் உண்மையான வெளிவடிவத்தை வைத்து. காது, மீசை, வால் எல்லாம் கணக்கில் வரும். பூனை திரும்பும்போது வால் சுவருக்குள் போய்விடும்; அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். நடக்கும்போது காலின் வடிவம் மாறுவதால் தரையில் துள்ளித் துள்ளி நிற்கும். ‘தாவ மாட்டேங்குதுண்ணா’ என்று பிள்ளை அழும் இடம் இதுதான். அழகுக்காக வாலை எவ்வளவு நீட்டினோமோ அவ்வளவு தொல்லை. இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு எளிய செவ்வகத்தை ஓடவிட்டு, சுவரையும் தரையையும் அது தொடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பூனைப் படம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு கூடவே போகும். வால் எங்கே நீண்டாலும் பிறகு கவலையில்லை.

இன்னொன்று, விளிம்பு. விளையாடுபவர் படியின் ஓரம் வரை ஓடிவந்து தாவுகிறார், ஆனால் பொத்தான் ஒரு கண்ணிமைப்பு தாமதமாக விழுகிறது. கறாரான நிரல் அவரைப் பள்ளத்தில் தள்ளிவிடும். நான்கு நாளில் செய்த சிறு விளையாட்டாக 2015-இல் பிறந்து, 2018-இல் முழு வடிவம் பெற்ற ‘செலஸ்ட்’, மிகக் கடினமான தாவல் விளையாட்டு என்று பெயரெடுத்தது. அதிலேயே விளிம்பை விட்ட பிறகும் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாவ அனுமதி உண்டு. ஸ்க்ராட்ச் நொடிக்கு 30 முறை சுற்றுகிறது. மூன்று சுற்று பொறுத்தால் அதே கருணை கிடைத்துவிடும். தரையைத் தொடும்போதெல்லாம் ஒரு எண்ணை மூன்றாக்கி, காற்றில் இருக்கும்போது சுற்றுக்கு ஒன்று குறைத்து, அது சுழியாகும் வரை தாவ விட்டால் போதும்.

பெட்டியை மூலையில் தள்ளிவிட்டால் அதை மறுபடி எடுக்கவே முடியாத நிலை வருமா என்றும் பார்க்க வேண்டும். வரலாம், தவறில்லை. ஆனால் ஒரு அடி பின்னால் போக ஒரு பொத்தான் வேண்டும். ஸ்நேக்பேர்டிலும் பாபாவிலும் அது இருக்கிறது. புதிர் கடினமாக ஆக, பின்வாங்கும் வசதி தாராளமாக இருக்க வேண்டும்.

“அரை மணியில முடிஞ்சிருச்சே”

கூனியின் நீல யானைக்கு இருப்பது ஒரே ஒரு அறை. அதே அறையை 30 தடவை கடக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு விதி மாறியிருக்கும்: ஒருமுறை இடது வலதாகும், இன்னொருமுறை வழக்கமான பொத்தானே வேலை செய்யாது. ஒரு அறையை வரைந்து முப்பது யோசனைகளை வைத்த அந்தச் சிக்கனம்தான் அதன் பலம். டொராண்டோவில் தமிழர் நடத்தும் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’வில் மிருகம் இல்லை, இட்லியும் புட்டும் செய்வதே அங்கே புதிர். அதையும் ஒரே அமர்வில் முடித்துவிடலாம். அதற்கு 2024-இல் சிறந்த முதல் விளையாட்டுக்கான பாஃப்டா விருது கிடைத்தது. புது யோசனை இல்லாமல் நூறு கட்டங்கள் இருப்பதைவிட, யோசனை தீர்ந்ததும் முடிந்துவிடும் பத்துக் கட்டங்கள் மேல்.

“பிள்ளை செய்தது, குறை சொல்லக் கூடாது”

மனம் நோகப் பேசக் கூடாது என்பது சரி. ஆனால் ‘சூப்பர்டா’ என்று முதுகில் தட்டிவிட்டுப் போனால் அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது. அது நம்மிடம் கேட்டது பாராட்டை மட்டும் இல்லை, நம் நேரத்தையும்தான்.

விளையாட்டை இதற்குமுன் பார்க்காத ஒருவரை உட்கார வையுங்கள். செய்தவர் பின்னால் நின்று வாயே திறக்கக் கூடாது. ‘அங்க இல்ல, மேல தாவு’ என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாள்தான் மதிப்பீடு. நல்ல தாவல் புதிர், சொல்லில்லாமல் முதல் திரையிலேயே தன் விதியைக் கற்றுக்கொடுக்கும்: தாவாமல் கடக்க முடியாத ஒரு சிறு திட்டு, விழுந்தாலும் உயிர் போகாத ஒரு பள்ளம். விளையாடுபவரின் விரல் எங்கே நிற்கிறது, முகம் எங்கே மலர்கிறது, இந்த இரண்டையும் சொன்னால் பிள்ளை மனம் நோகாது. மறுநாளே திருத்திக்கொண்டு வந்து நிற்கும்.

“நெட்டில் போட்டால் என்றைக்கும் இருக்கும்”

கூனியின் நீல யானை விளையாட்டு ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த மென்பொருள் விளையாட்டுகளை ஓட்டவே மறுத்தது. ஒரு தலைமுறையே பொழுதுபோக்காகச் செய்த ஆயிரமாயிரம் விளையாட்டுகள் அன்றோடு அழிந்திருக்கும். ஃப்ளாஷ்பாயிண்ட், ரஃபிள் போன்ற முயற்சிகளில் இறங்கிய தன்னார்வலர்கள்தான் பலவற்றைக் காப்பாற்றினார்கள். பள்ளிக் கணினியை எப்போது துடைத்துப் புதிதாக்குவார்கள் என்று சொல்ல முடியாது. எனவே ஸ்க்ராட்ச் கோப்பை ஒரு பென்டிரைவிலும் வீட்டில் யாராவது ஒருவரின் ஃபோனிலும் வைத்திருப்பது நல்லது. ஸ்க்ராட்ச் தளத்தில் பகிர்ந்தால், செய்தவரைக் குறிப்பிட்டு மற்றவர்கள் எடுத்து மாற்றிச் செய்யலாம் என்ற உரிமத்தின்கீழ் அது வந்துவிடும். நாம் எடுத்தாண்ட படத்துக்கும் இசைக்கும், செய்தவர் பெயரைச் சொல்லும் அதே மரியாதையை முதல் திரையிலேயே செய்துவிட வேண்டும்.