காத்திருப்பதும் எதிர்பார்ப்பதும்
(அறப்பாடம்)



திருஏடு வாசிப்பு 17 நாள் நடக்கும் இடங்களில் 15-ஆம் நாள் கூட்டம் தாங்காது. அன்று திருக்கல்யாண இகனை. போன கார்த்திகையில் எங்கள் நிழல்தாங்கலில் நடக்கும் ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுமி கேட்டாள்: "கல்யாண ஏட்டை எதிர்பாக்கோம்னு சொல்லணுமா, கல்யாண ஏட்டுக்குக் காத்திருக்கோம்னு சொல்லணுமா?" இரண்டும் ஒன்றுதான் மக்களே என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். படுத்த பிறகுதான் பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. அடுத்த ஞாயிறு அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

எதிர்பார்த்தல் கண்ணின் வேலை. எதிரே வருவதைப் பார்ப்பது. எதிர்காலம் என்ற சொல்லிலும் அந்த 'எதிர்' இருக்கிறது. பேருந்து வருமா என்று பார்க்கிறோம், மழை வருமா என்று பார்க்கிறோம். வராவிட்டால் ஏமாற்றம், அவ்வளவுதான். பார்த்ததைத் தவிர நாம் வேறொன்றும் செய்யவில்லை.

ஆவல் அதைவிடச் சூடானது. மனம் முன்னே ஓடிவிடும், உடம்பு பின்னால் நிற்கும். பிள்ளைகள் கல்யாண ஏட்டுக்கு ஆவலோடு வருவது நல்லதுதான். ஆனால் நம் பக்கத்துப் பேச்சில் குறை சொல்வதற்கு 'ஆவலாதி' என்று பெயர். இரண்டும் ஒரே வேரா என்று எனக்கு வாதாட வேண்டாம். ஆவல் மிகுந்தவர் வாயில் சீக்கிரம் ஆவலாதி வருவதை மட்டும் தாங்கல்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேட்கையும் தவிப்பும் தண்ணீரோடு சேர்ந்தவை. நீர் வேட்கை என்கிறோம், தவித்த வாய்க்குத் தண்ணீர் என்கிறோம். இல்லாமை உடம்பைப் பிடித்து உலுக்கும்போது வரும் சொற்கள் அவை. ஏக்கம் வேறு. குழந்தை ஏங்கி ஏங்கி அழுதது என்றால், அழுகை ஓய்ந்த பிறகும் நெஞ்சு விம்முகிறது என்று பொருள். கிடைக்காது என்ற பயம் அதற்குள் பாதி இருக்கிறது.

இனி காத்திருத்தல். இதில் இரண்டு வினைகள் இருக்கின்றன: காத்தல், இருத்தல். வயலைக் காப்பது போல, விளக்கு அணையாமல் காப்பது போல, ஒன்றைக் காத்துக்கொண்டு அதே இடத்தில் இருப்பது. வெறுமனே நேரம் போக்குவதைக் காத்திருத்தல் என்று சொல்ல முடியாது.

இதை விளக்கத் திருச்செந்தூர்க் கடற்கரையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. நோயில் கிடந்த மகனை மாசித் திருவிழாவுக்கு அழைத்துப் போன வெயிலாள் அன்னை, அந்த மகன் கடலுக்குள் இறங்கிப் போனதைக் கண்ணால் கண்டார். அன்று அவருக்கு இருந்தது தவிப்பு. அது ஏக்கமாகவும் ஆகியிருக்கும், பெற்ற வயிறு அல்லவா. ஆனாலும் அவர் கரையை விட்டுப் போகவில்லை. மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20-ஆம் நாள், அய்யா வைகுண்டர் கடலிலிருந்து எழுந்து வந்தபோது தாய் கரையில் இருந்தார். வந்தவர், தாம் இனி அந்த அம்மையின் மகன் அல்ல, நாராயணர் பெற்ற பிள்ளை என்று சொன்னார். அம்மை எதிர்பார்த்தது நோய் தீர்ந்த மகனை. காத்திருந்த இடத்துக்கு வந்ததோ உலகத்துக்கே ஆனவர். எதிர்பார்ப்பு தான் நினைத்த உருவத்தைத்தான் தேடும். காத்திருப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தர்ம யுகம் எப்போது வரும் என்று கேட்கிறவர்களிடம் இதைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஆண்டுக் கணக்கும் நாள் கணக்கும் போட்டுப் பார்த்து, வராமல் போனதும் தாங்கல் பக்கமே வராமல் நின்றவர்கள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஏக்கம் முற்றினால் மனிதர் கணக்குத்தான் போடுவார்கள். துவையல் தவசுக்குப் போன 700 குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். கடலில் முழுகி, துணி துவைத்து, குறைந்த உணவு உண்டு நாளைக் கழித்தார்கள். அவர்கள் காத்திருப்பில் கைக்கு வேலை இருந்தது.

சிறுபிள்ளைக்குப் புரிய வேண்டுமானால் உண்பான் அன்னம் போதும். சோறு கையில் வந்துவிடும், பசியும் இருக்கும், மணமும் மூக்கைத் துளைக்கும். ஆனால் யாரும் வாயில் வைப்பதில்லை. எல்லாருக்கும் தர்மம் கிடைத்ததா என்று பரிமாறுகிறவர் கேட்க வேண்டும், கிடைத்தது என்று கூட்டம் சொல்ல வேண்டும், அதன் பிறகே உண்பது. கடைசியில் நிற்கிற ஒருவருடைய பங்கை அத்தனை பேரும் சேர்ந்து காக்கிறார்கள். காத்திருத்தலில் உள்ள 'காத்தல்' இதுதான் மக்களே என்றேன். அந்தச் சிறுமி, "அப்ப சூடு ஆறிரும்லா?" என்று கேட்டாள். ஆறத்தான் செய்யும்.

இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. 'ஆத்திரம்' என்றால் அவசரம், கோபமும் அதுவே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்ற பழமொழியில் எந்தப் பொருளை வைத்தாலும் சரியாக வரும். இதற்கு நேர் எதிரே நிற்கிறது 'பொறு' என்ற சொல். கொஞ்சம் பொறு என்றால் காத்திரு என்று பொருள். பாரம் பொறுத்தான் என்றால் தாங்கினான். பிழை பொறுத்தான் என்றால் மன்னித்தான். ஒரு சொல்லில் அவசரமும் கோபமும் ஒட்டிக்கிடக்கின்றன, மற்றதில் காத்திருப்பும் தாங்குதலும் மன்னிப்பும் ஒட்டிக்கிடக்கின்றன. இதை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்யவில்லை. பேசிப் பேசி நம் முன்னோர் கண்டது. அய்யா பொறுமையை அவ்வளவு வலியுறுத்தியதை இந்த மூன்று பொருளோடும் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். பலர் தாங்கிக்கொள்வதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நானும் அப்படி நிறுத்தியவன்தான். வரப்புத் தகராறு ஒன்றில் என் தம்பியோடு ஒன்பது வருடம் பேச்சில்லை. அவன் வருவான், வந்து கேட்பான் என்று காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் எதையும் காக்கவில்லை. அவன் தலை குனிந்து வரும் காட்சியை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், உள்ளே ஆத்திரம் இருந்தது. பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை நடத்திவிட்டு வீடு திரும்பும் வழியில் கால் தானாக அவன் தெருவுக்குத் திரும்பியது என்று சொன்னால் பொய். இரண்டு தடவை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவைதான் நுழைந்தேன்.

அவன் திண்ணையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்தான். இருவருக்கும் பேச்சு வரவில்லை. பிறகு அவன்தான், "பொறுங்கண்ணே, பாய் எடுத்துட்டு வாறேன்" என்று உள்ளே போனான்.

அய்யா உண்டு.