ஒன்பது பேர், ஒரு நாவல்

ஒன்பது பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதப் போகிறோம் என்று வந்து சொன்னீர்கள். அன்று இரவு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசகர் வட்டமும் அப்படி ஒன்றை எழுதி முடித்திருக்கிறது. அதற்கு முன் ஒன்றைப் பாதியில் போட்டும் இருக்கிறது.

1. கதையைப் பேச உட்காரும் முன், வெட்டும் உரிமை யாருக்கு என்று பேசி முடித்துவிடுங்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, காசு வாங்காமல், இரவில் கண் விழித்து எழுதியவரின் பக்கத்தில் கை வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்கள் முதல் நாவல் அங்கேதான் உடைந்தது. ஒருவர் கல்யாண வீட்டுக் காட்சி ஒன்றைப் பதினான்கு பக்கம் எழுதி வந்தார். அருமையான எழுத்து, ஆனால் கதைக்கு அது வேண்டியிருக்கவில்லை. எடுத்துவிடலாம் என்று ஆளுக்கு ஆள் சொன்னோம். சொல்லும் இடத்தில் எங்களில் யாரையும் நாங்கள் வைத்திருக்கவில்லை. அவர் வருவதை நிறுத்தினார். அடுத்த மாதம் இன்னும் இருவர் வரவில்லை. அந்தக் காட்சியை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். இறுதிப் பிரதியைத் திருத்த ஒருவரை இப்போதே எல்லோருமாக ஒப்புக்கொள்ளுங்கள். அவர் இந்த நாவலில் எதுவும் எழுதாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

2. முடிவு தெரியாமல் அத்தியாயம் பிரிக்காதீர்கள். 1931இல் இங்கிலாந்தின் டிடெக்‌ஷன் கிளப் எழுத்தாளர்கள் ‘தி ஃப்ளோட்டிங் அட்மிரல்’ என்ற துப்பறியும் நாவலை ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதினார்கள். அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், செஸ்டர்டன் எல்லோரும் அதில் உண்டு. முன்னவர் போட்ட முடிச்சை அடுத்தவர் கண்டும் காணாமல் தாண்டக்கூடாது, மனதில் ஒரு தீர்வை வைத்துக்கொண்டே எழுத வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். ஆனாலும் தீர்வு ஆளுக்கொன்றாகத்தான் இருந்தது. கடைசி அத்தியாயம் அந்தோணி பெர்க்லியின் தலையில் விழுந்தது. அந்த அத்தியாயத்தின் தலைப்புக்கே குளறுபடியைச் சரிசெய்தல் என்றுதான் பொருள். கைதேர்ந்தவர்களுக்கே அந்தப் பாடு.

3. இத்தாலியில் 2013இல் வெளிவந்த, இரண்டாம் உலகப் போர்க் கால நாவல் ‘இன் தெரித்தோரியோ நெமிகோ’. எழுதியவர்கள் 115 பேர். ஒரே பாத்திரத்தைப் பற்றிப் பலர் தனித்தனியே குறிப்பு எழுதுவார்கள். தொகுப்பவர் அவற்றில் சிறந்தவற்றைப் பொறுக்கி ஒரே குறிப்பாக்குவார். இடங்களுக்கும் காட்சிகளுக்கும் இதே முறைதான். என் பக்கம், உன் பக்கம் என்ற பேச்சே எழாது. ஒரே ஒரு பாத்திரத்துக்காவது இதைச் செய்து பாருங்கள்.

4. ஒரு நீளநோட்டு வாங்குங்கள். யாருக்கு என்ன வயது, எந்த மாதம் என்ன நடந்தது, யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாம் அதில் ஏற வேண்டும். எங்கள் நாயகன் நான்காம் அத்தியாயத்தில் சைக்கிளை விற்றான். ஒன்பதாம் அத்தியாயத்தில் அதே சைக்கிளில் மில்லுக்குப் போனான். அதையாவது ஒரு வரியில் சரிசெய்துவிட்டோம். அவன் அம்மாவின் பேச்சுதான் எங்களைப் படுத்தியது. கோவைக்காரர் எழுதிய இடத்தில் “ஏனுங்க, சாப்டீங்களா” என்றாள். திருநெல்வேலிக்காரர் எழுதிய இடத்தில் “ஏலே, எங்கல போன” என்று மகனை அதட்டினாள். அக்காள் புருஷனை ஒருவர் அத்தான் என்று எழுத, இன்னொருவர் மச்சான் என்று எழுதினார். குடும்பம் எந்த ஊர் என்று முடிவு செய்து, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் உரையாடல் முழுவதையும் ஒப்படையுங்கள்.

5. பிரசவம், பரீட்சை, இடமாற்றம் என்று சிலர் நடுவில் விலகத்தான் செய்வார்கள். மனத்தாங்கல் வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும்.

6. அட்டையில் பெயர்கள் எந்த வரிசையில், விலகியவர் பெயர் உண்டா, பணம் வந்தால் எப்படிப் பங்கு என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஒன்பது பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

7. மாதம் ஒரு ஞாயிறு கூடி, எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். எழுதியவர் படிக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் படிக்கட்டும். அவர் நாக்கு எங்கே இடறுகிறதோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.