பூங்காவில் உண்ணி கடித்தால் காய்ச்சல் வருமா?

கேள்வி: வீட்டுக்கு அருகே இருக்கும் பூங்காவுக்கு மாலையில் ஏழு வயதுப் பேரனையும் நாயையும் கூட்டிக்கொண்டு போவேன். போன வாரம் பேரனின் காதுக்குப் பின்னால் ஒரு உண்ணி ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் தடவி எடுத்தோம். எதிர்வீட்டுக்காரர் சென்ற மார்கழியில் உண்ணிக் காய்ச்சல் வந்து ஐசியு வரை போய்த் தப்பித்தவர். அதனால் பயமாக இருக்கிறது. இனி பூங்காவுக்கே போகக்கூடாதா, டாக்டர்?
— வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாகப் போங்கள் அம்மா. பேரனைக் கடித்தது, அநேகமாக உங்கள் நாயின் மேல் இருந்த உண்ணிதான். எதிர்வீட்டுக்காரருக்கு வந்தது ‘ஸ்க்ரப் டைபஸ்’ ஆக இருக்க வேண்டும். அதை நாய் உண்ணி பரப்புவதில்லை. புதரிலும் உயர்ந்த புல்லிலும் இருக்கும் ஒருவகை நுண்பூச்சியின் இளம்புழு பரப்புகிறது. அதன் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. கண்ணில் படாது, கடித்ததும் தெரியாது. இந்நோயை உண்டாக்கும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்குப் போய்விடும். இந்தப் புழுக்கள் வழக்கமாக எலிகளின் மேல் ஒட்டி உணவெடுப்பவை. நாம் குறுக்கே போனால் நம்மைக் கடிக்கின்றன.

ஆகவே பூங்காவில் பயப்பட வேண்டிய இடம் ஒட்ட வெட்டிய புல்வெளி அல்ல. மதிலோரம் வெட்டாமல் விட்ட புதர், குப்பை கொட்டிய மூலை, எலி வளை உள்ள மேடு இவைதான். பந்து பொறுக்கப் பேரன் ஓடுவதும் அங்கேதான். முழுக்கால் சட்டை போட்டு அனுப்புங்கள். தரையில் உட்கார்ந்தால் விரிப்பு வேண்டும். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் குளித்து உடை மாற்றினால் ஆபத்து பெரிதும் குறையும்.

நம் ஊரில் மழைக்காலம் தொடங்கிக் குளிர் முடியும் வரை இது அதிகம் வரும். கடித்து ஆறு முதல் இருபது நாளுக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு உண்டாகும். வலிக்காது என்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்பகத்தின் அடி என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். உடையைத் தளர்த்திப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடியாது. பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை, அது இல்லாததால் நோய் இல்லை என்று விட்டுவிடவும் கூடாது.

எனக்கு வருத்தம் தருவது இதுதான்: டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்குக் கட்டுப்படுகிற நோய் இது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அசித்ரோமைசின் உண்டு. ஆனால் இந்தக் கிருமி செல்லுக்குள் வாழ்வது. பென்சிலின் வகை மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. அந்த ஊசிகளிலேயே ஒரு வாரம் கழிந்து, நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்ட பிறகு வருகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு இந்த இரு மருந்துகளையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது கூடுதல் பலன் தருகிறது என்று வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு 2023-இல் காட்டியது. மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி நாய் உண்ணி. அதுவும் சாது அல்ல. ரிக்கெட்சியா என்ற கிருமியால் வரும் காய்ச்சலை அது பரப்பக்கூடும். உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பெங்கும் தடிப்பு வரும். அதற்கும் டாக்சிசைக்ளின் கேட்கும். பேரனை இரண்டு வாரம் கவனியுங்கள், காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி, நகப்பூச்சு எதுவும் இனி வேண்டாம். அவை உண்ணியை எரிச்சலூட்டி அதன் எச்சிலைக் காயத்துக்குள் கக்க வைக்கலாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து, சோப்பால் கழுவுங்கள். நாய்க்கு மருந்து போடும்போது அது படுக்கும் இடத்தையும் சுவர் விரிசலையும் சேர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும்.

செய்திகளில் வரும் கர்நாடகக் குரங்குக் காய்ச்சலை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1957-இல் ஷிமோகா பக்கம் கண்டறியப்பட்ட அந்த நோய் காட்டு உண்ணியால் வருவது.

பூங்காவின் ஓரப் புதரை வெட்டி, குப்பையை அகற்றும்படி நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டு மாநகராட்சிக்கு மனுக் கொடுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால், பூங்காவுக்குப் போய்வந்ததையும் நாய் வளர்ப்பதையும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.