பதின்மூன்று வாரச் செவிலி

சங்க அகப்பாடல்களைப் பயின்றோர்க்குச் செவிலித்தாய் புதியவள் அல்லள். தான் பெறாத பிள்ளையைத் தன் மகளாகவே வளர்த்தவள் அவள். தலைவி தலைவனோடு உடன்போக்குச் சென்றபின், பாலை வழியில் இறங்கி நடந்து, எதிர்வருவோரை நிறுத்தி வினவுபவளும் அவளே. நற்றாய் மனையில் இருந்து புலம்ப, செவிலி வழிநடக்கிறாள். மருத்துவமனையில் நோயாளரைப் பேணுவோர்க்கு இப்பெயர் வழங்குவது எவ்வளவு பொருத்தம்!

பேணுதலையே தொழிலாகக் கொண்டு, ஊர்விட்டு ஊர் நடக்கும் செவிலியர் இன்றும் உளர். அமெரிக்க நாட்டில் அவர்களைப் பயணச் செவிலியர் என்று வழங்குகின்றனர். அவர்களுடைய வாழ்க்கை எத்தகையது, அதில் இறங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை ஒரு பாடம்போல் இங்கே காண்போம். ஊரை விட்டு வந்து, விடுதி அறையில் ஒரு பெட்டியோடு வாழப் பழகிய நமக்கு இந்தப் பாடம் அவ்வளவு அயலானதன்று.

பதின்மூன்று வாரம் ஏன்?

பயணச் செவிலி ஒரு மருத்துவமனையில் நிலையான வேலை பார்ப்பதில்லை. ஓர் ஏஜென்சியின் வாயிலாக ஒப்பந்தம் செய்துகொண்டு, இந்தப் பருவம் அரிசோனா, அடுத்த பருவம் மாசசூசெட்ஸ் என்று இடம் மாறிப் பணியாற்றுகிறார். ஒப்பந்தக் காலம் பெரும்பாலும் 13 வாரம். அதாவது ஆண்டில் கால் பகுதி. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு 12 மணி, ஆக 36 மணி நேரப் பணி என்பது பொதுவான வழக்கம்.

மருத்துவமனையின் தேவை ஆண்டு முழுதும் ஒரே அளவாக இராது. குளிர்காலத்தில் வட மாநிலத்து முதியோர் வெயில் தேடிப் புளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் செல்கின்றனர். அங்கே மருத்துவமனைகள் நிரம்புகின்றன. ஒரு வார்டில் இருவர் பேறுகால விடுப்பில் சென்றால், சில மாதங்களுக்கு இடம் காலி. கலிபோர்னியாவில் சட்டமும் ஒரு காரணம். 1999-இல் இயற்றப்பட்டு 2004-இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலிக்கு இரண்டு நோயாளருக்கு மேல் தரலாகாது. அவசரப் பிரிவில் நால்வருக்கு மேல் கூடாது. ஆள் குறைந்தால் ஆள் தேடியே ஆக வேண்டும்.

இது உயிரோடு தொடர்புடைய கணக்கு. பென்சில்வேனியா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்றோரைப் பற்றி லிண்டா எய்க்கனும் அவருடைய குழுவினரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளர் ஒருவர் கூடுந்தோறும், சிகிச்சை பெற்றவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு கூடுகிறது என்று அவர்கள் கண்டனர். பயணச் செவிலி வந்து நிரப்பும் இடம் எத்தகைய இடம் என்பது இதனால் விளங்கும்.

இருவகை அறிவு

செவிலியின் அறிவை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, கையோடு வரும் அறிவு. நாடி பார்த்தல், ஊசி போடுதல், மூச்சுத் திணறலை முகம் பார்த்தே உணர்தல் ஆகியவை எந்த ஊருக்குச் சென்றாலும் கூடவே வரும். மற்றொன்று, இடத்தோடு கிடக்கும் அறிவு. அவசர மருந்து வண்டி எந்த மூலையில் நிற்கிறது, நோயாளர் இதயம் நின்றால் எந்த எண்ணைச் சுழற்றுவது, நள்ளிரவில் எந்த மருத்துவரை அழைப்பது என்பன அந்த ஊரோடும் அந்த வார்டோடும் கிடப்பவை. பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாதவை.

நிலையான செவிலி இவ்விரண்டாம் அறிவைச் சிறிது சிறிதாக ஆண்டுக்கணக்கில் சேர்க்கிறார். பயணச் செவிலியோ 13 வாரத்துக்கு ஒருமுறை புதிதாகச் சேர்க்க வேண்டும். அதற்கு அவருக்குக் கிடைக்கும் அறிமுகப் பயிற்சியோ பல இடங்களில் ஓரிரு நாள்தான். ஆதலின், இத்தொழிலுக்கு வேண்டிய முதல் திறமை நினைவாற்றலும் அன்று, கைவேகமும் அன்று. 'எனக்குத் தெரியாது, காட்டுங்கள்' என்று கூசாமல் கேட்கும் பண்பே அது. ஏஜென்சிகள் தாம் சேர்க்கும் செவிலியரிடம் ஓரிரண்டு ஆண்டு அனுபவத்தை எதிர்பார்ப்பதும் இதனால்தான். கையோடு வரும் அறிவு உறுதியாக இருந்தால்தான், கருத்து முழுவதையும் இடத்தின் அறிவில் செலுத்த இயலும்.

புறப்படுமுன்: உரிமம்

அமெரிக்காவில் செவிலியருக்கு உரிமம் வழங்குவது மாநிலம். டெக்சாஸில் உரிமம் பெற்றவர் கலிபோர்னியாவில் அதை வைத்துப் பணியாற்ற இயலாது. இத்தொல்லையைக் குறைக்க மாநிலங்கள் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் திருத்திய வடிவம் 2018 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் இதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளன. உறுப்பு மாநிலம் ஒன்றில் நிலையாக வாழ்பவர் அங்கே பலமாநில உரிமம் பெற்றால், பிற உறுப்பு மாநிலங்களிலும் பணியாற்றலாம். 2024 வரையில் கலிபோர்னியா இதில் சேரவில்லை. அங்கே செல்வோர் தனி உரிமம் பெற வேண்டியிருந்தது. நிலையான குடியிருப்பையே வேறோர் உறுப்பு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டால், 60 நாளுக்குள் புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதி 2024 சனவரியில் வந்தது.

உரிமம், உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள், தடுப்பூசிக் குறிப்புகள், காசநோய்ப் பரிசோதனை முடிவு ஆகியவற்றின் படிகளை ஒரே கோப்பில் வைத்திருப்பது நன்று. உயிர்காப்புச் சான்றுகள் ஈராண்டில் காலாவதியாகும். ஒரு தாள் காலாவதியானதால் ஓர் ஒப்பந்தமே கைநழுவுவதுண்டு.

ஒப்பந்தத்தைப் படித்தல்

பயணச் செவிலியின் ஊதியம் இரு பகுதியாக வருகிறது: வரிக்குட்பட்ட மணிக்கூலி, வீட்டுக்கும் உணவுக்குமாகத் தரும் உதவித்தொகை. ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். மணிக்கூலி 24 டாலர். வாரத்துக்கு வீட்டுக்கு 900, உணவுக்கு 400 டாலர். 36 மணிக்கு 864 டாலர் கூலியாக, மொத்தம் 2,164 டாலர். மணிக்கு ஏறத்தாழ 60 டாலர் என்று மனம் கணக்கிடும்.

இப்போது 'நாலாம் நாளும் வாருங்கள், ஓவர்டைம் தருகிறோம்' என்று அழைக்கிறார்கள். 40 மணி வரையில் பழைய கூலி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. அந்த 12 மணியில் முதல் 4 மணிக்கு 96 டாலர், எஞ்சிய 8 மணிக்கு 36 வீதம் 288 டாலர், ஆக 384. மணிக்கு 32 டாலர்தான்! உழைப்பு கூடக் கூட விலை பாதியாயிற்று. ஓவர்டைம் கூலி எதன்மேல் கணக்கிடப்படுகிறது என்று கையெழுத்திடுமுன் கேளாதவர், களைத்தபின் கேட்டுப் பயனில்லை. உதவித்தொகை உழைத்த மணிக்கணக்கோடு ஏறி இறங்குமானால் அதுவும் ஓவர்டைமுக்கு அடிப்படையான கூலியே என்று, மேற்குப் பகுதிக்குரிய கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

எழுத்தில் இருக்க வேண்டியவை இன்னும் சில. வாரத்துக்கு இத்தனை மணி வேலை உறுதி என்பது. நோயாளர் குறைந்ததால் 'இன்று வர வேண்டாம்' என்றால் பணம் உண்டா என்பது. ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் யாருக்கு என்ன இழப்பு என்பது. வேறு வார்டுக்கு அனுப்பினால் எவ்வெவ் வார்டுக்கு என்பது. முன்னரே கேட்ட விடுப்பு நாட்கள். தொலைபேசியில் சொன்ன வாக்கு இனிமையாக இருக்கலாம். மாதம் இரண்டு கழிந்தபின் தாளில் உள்ளது மட்டுமே பேசும்.

இதற்குச் சான்று அண்மை வரலாற்றில் உண்டு. 2020-லும் 2021-லும் கோவிட் பெருந்தொற்று பரவியபோது பயணச் செவிலியரின் ஊதியம் பன்மடங்கு உயர்ந்தது. 2022-இல் தேவை குறைந்ததும், ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்போதே குறைந்த கூலிக்கு இசையுமாறு கேட்கப்பட்டதாகச் செவிலியர் சிலர் வழக்குத் தொடர்ந்தனர். வீட்டுக்கு வாடகை கொடுத்துவிட்டு அயலூரில் நிற்பவருக்கு 'முடியாது' என்று சொல்வது எளிதா? மூன்று மாதச் செலவுக்குப் பணம் சேமித்து வைத்துக்கொண்டு புறப்பட்டவரே அதைச் சொல்ல வல்லவர்.

வீடு எங்கே?

மேற்கூறிய உதவித்தொகைக்கு வரியில்லை என்பது எல்லார்க்கும் பொருந்தாது. வரிச்சட்டத்தின் பார்வையில் அவருக்கு ஓர் 'இல்லம்' இருக்க வேண்டும். அங்கும் வாடகை முதலிய செலவு நடக்க வேண்டும். அயலூரில் இரண்டாம் செலவும் நேர வேண்டும். பெட்டிதான் வீடு என்று வாழ்பவருக்கு அத்தொகை முழுவதும் வரிக்குட்பட்ட வருமானமே. ஓரிடத்துப் பணி ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டாலும் அதே நிலைதான். வேறொரு பக்கமும் உண்டு. வரிக்குட்பட்ட கூலி குறைவாக இருந்தால், முதுமைக்கால ஓய்வூதியக் கணக்கில் சேர்வதும் குறையும்.

அயலூரில் வீடு தேடுவோர், நேரில் காணாத அறைக்கு முன்பணம் அனுப்பி ஏமாறுவதுண்டு. முதல் சில நாளைக்கு விடுதியில் தங்கி, வீட்டைக் கண்டு, மருத்துவமனைக்குச் செல்லும் வழியை இரவிலும் ஒருமுறை சென்று பார்த்தபின் பணம் கொடுப்பதே அறிவுடைமை. ஒப்பந்தம் முறிந்தால் வீட்டையும் விடலாம் என்ற வாசகம் வாடகைத் தாளில் இருக்கட்டும்.

முதல் நாளும் முதல் இரவும்

வார்டில் முதல் நாள் நோயாளரைப் பார்க்குமுன் கேட்டறிய வேண்டியவற்றை ஒரு சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வர் பழகியோர். அவசர அழைப்பு எண். மருந்து வண்டியும் ஆக்சிஜனும் இருக்குமிடம். மருந்துப் பெட்டக எந்திரத்தின் திறவுச்சொல். இன்சுலின், ஹெப்பாரின் போன்றவற்றுக்கு இரண்டாம் செவிலியின் சரிபார்ப்பு வேண்டுமா என்பது. இரத்தம் ஏற்றும் முறை. நோயாளரின் நிலை சரிந்தால் யாருக்கு முதலில் சொல்வது என்பது. நோய்க்குறிப்பு எழுதும் கணினி முறை முன்பு பழகிய எபிக்காகவே இருந்தாலும், ஒவ்வொரு மருத்துவமனையும் அதைத் தனக்கேற்ப மாற்றி அமைத்திருக்கும். பெயர் ஒன்று என்பதால் வழி ஒன்று என்று எண்ணலாகாது.

ஆள் குறைந்த வார்டுக்கு முதலில் அனுப்பப்படுபவர் பெரும்பாலும் பயணச் செவிலியே. பயிலாத துறைக்கு அனுப்பினால் என் செய்வது? நோயாளரை ஏற்றுக்கொள்ளுமுன், இன்னது என்னால் இயலும், இன்னது இயலாது என்று பொறுப்பாளரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டபின் மற்றொருவரிடம் ஒப்படைக்காமல் விலகிச் செல்வது நோயாளரைக் கைவிட்ட குற்றமாகி, உரிமத்துக்கே கேடாகலாம். சொல்ல வேண்டியதை முன்னே சொல்வதில் இழுக்கு இல்லை. குழந்தைகள் வார்டில் மருந்தின் அளவைத் துணிந்து ஊகிப்பதில்தான் இழுக்கு உண்டு. அங்கே இழப்பவர் செவிலி அல்லர்.

உடலும் உள்ளமும்

இரவுப்பணி 12 மணி நேரம் முடித்து வண்டியோட்டித் திரும்பும் காலைப்பொழுது ஆபத்தானது. கண் செருகினால் வண்டியை ஓரமாக நிறுத்திச் சிறிது உறங்கிச் செல்ல வேண்டும். அறைக்கு அடர்ந்த திரைச்சீலை ஒன்று, சிறிய சோற்றுப்பானை ஒன்று, நல்ல காலணி இரண்டு இணை: இவை பெட்டியில் இருந்தால் பாதி ஊர் கூடவே வந்ததுபோலாம்.

தனிமை பெரிது. வார்டில் நட்பு முளைக்கும்போது வாரம் பதின்மூன்று முடிந்துவிடும். அருகில் இருப்பவர் தம்மைவிடக் கூடுதலாகப் பெறுகிறார் என்று உள்ளூர்ச் செவிலியர் சிலர் மனம் கசப்பதும் இயல்பே. அதற்கு மாற்று, பழைய மருத்துவமனையின் பெருமையைப் பேசாமலிருப்பதும், பிறர் நோயாளர் மணி அடித்தாலும் எழுந்து செல்வதுமே.

நம்மவர்க்கு

1946-இல் வேலூரிலும் தில்லியிலும் செவிலியர் பட்டக் கல்வி தொடங்கியது. அவற்றின் வழிவந்த கல்லூரிகளில் பயிலும் தமிழ் மாணவியர் பலர்க்கு அமெரிக்கக் கனவு உண்டு. என்.கிளெக்ஸ் தேர்வை இந்தியாவிலிருந்தே எழுதலாம். ஆயினும் குடியேற்ற விசாவுக்கு இந்தியர் காத்திருக்கும் காலம் நீண்டது. விசா பெற்றுத் தந்த நிறுவனத்தில் சில ஆண்டு பணியாற்றும் ஒப்பந்தமும் பெரும்பாலும் உண்டு. ஊர்விட்டு ஊர் செல்லும் உரிமை அதற்குப் பின்னரே. ஆதலின் விளம்பரத்தில் காணும் கூலியை முதல் ஆண்டிலேயே எதிர்பார்த்துக் கடன் வாங்கலாகாது.

பாலை வழியில் நடந்த செவிலி, வழி தெரியாதவள். தெரிந்தவர்போல் நடிக்காமல், எதிர்வந்தவரை நிறுத்திக் கேட்டாள். புதிய வார்டில் முதல் இரவு நிற்கும் செவிலிக்கும் அதுவே வழி. கட்டிலில் கிடக்கும் நோயாளருக்கு அவர் எந்த ஊரார், எத்தனை வாரத்துக்கு வந்தவர் என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அன்றிரவு அவர் கேட்க வேண்டியதைக் கேட்டாரா என்பதே அந்த உயிருக்கு வேண்டியது.