லாரி விபத்தும் நஷ்டஈடும்

விளைபொருள் சந்தைக்குச் செல்ல லாரி இன்றியமையாதது. அதே லாரியினால் ஒருவர் காயமுறுவாராயின், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அவருக்கு நஷ்டஈடு பெறும் உரிமையை அளித்திருக்கிறது. ஆயினும் இவ்வுரிமையைப் பலர் இழப்பது நீதிமன்றத்தில் அன்று. விபத்து நேர்ந்த முதல் சில நாட்களில், சொந்த ஊரிலேயே இழந்துவிடுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, சைக்கிளில் பால் சங்கத்துக்குச் செல்லும் உழவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். லாரி மோதி அவர் கால் முறிகிறது. “வைத்தியச் செலவை நான் ஏற்கிறேன்; போலீஸ் வேண்டாம்” என்கிறார் லாரி உரிமையாளர். ஊர்ப் பெரியோரும் இசைகின்றனர். ஆஸ்பத்திரியில் ‘சைக்கிளிலிருந்து தவறி விழுந்தார்’ என்று பதிவாகிறது. பத்தாயிரம் ரூபாய் கைமாறுகிறது. ஒரு தாளில் கையொப்பமும் வாங்கப்படுகிறது. மூன்று மாதம் சென்றபின், முழங்கால் இனி மடங்காது, சேற்றில் இறங்க இயலாது என்று தெரிகிறது. அன்று அவர் வழக்குத் தொடுத்தால், ஆஸ்பத்திரிப் பதிவே அவருக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கும்.

முதலில் செய்ய வேண்டியவை

உயிர் காப்பதே முதற் கடமை. 2021 டிசம்பரில் நம் மாநிலத்தில் தொடங்கப்பெற்ற ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின்படி, அதில் சேர்ந்துள்ள ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அங்கே விபத்துப் பதிவேட்டில் லாரி மோதியதையும் வண்டி எண்ணையும் உள்ளபடி எழுதச் செய்ய வேண்டும். தாமதமின்றிப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெற வேண்டும். நேரிற் கண்டவர்களின் பெயர்களையும் குறித்துக்கொள்வது நலம்.

மனுச் செய்தல்

மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும். விபத்து நடந்த இடத்தில் மட்டுமன்றி, காயமுற்றவர் வசிக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலும் மனுச் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி இதற்குக் கெடு 6 மாதம். ‘கால் குணமாகட்டும், பிறகு பார்ப்போம்’ என்று காத்திருத்தல் ஆகாது.

மருந்துச் சீட்டுகள், பட்டா, அடங்கல், பால் சங்கப் புத்தகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வருமானத்துக்குச் சான்று அவையே. ஊனத்தின் சதவிகிதம் வேறு, அதனால் குறையும் சம்பாதிக்கும் திறன் வேறு என்று உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. உட்கார்ந்து கணக்கெழுதுபவருக்கு மடங்காத கால் ஒரு குறை. உழவருக்கோ அது தொழில் இழப்பு. ஆகவே, எந்தெந்த வேலைகளைச் செய்ய இயலவில்லை என்பதை மனுவில் விவரமாகக் கூற வேண்டும்.

ஓட்டுநரின் குற்றத்தை மெய்ப்பிக்காமலே, கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம், மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் பெறவும் சட்டத்தில் வழியுண்டு. ஆனால் அத்தொகையை ஏற்றுக்கொண்டால், கூடுதல் தொகை கேட்கும் மனு அற்றுப்போகும். மோதிய வண்டி எதுவென்று தெரியாவிடில், கொடுங்காயத்துக்கு 50,000, மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு; இதற்கு வருவாய்த் துறையின் விசாரணை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

நாற்று நடவுக்கும் திருவிழாவுக்கும் சரக்கு லாரியில் ஏறிச் செல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. சரக்கின் உடைமையாளரும் அவருடைய பிரதிநிதியும் லாரியின் பணியாளரும் அன்றி, வெறும் பயணியாக அதில் ஏறியவருக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு உரிமையாளர் ஒருவரையே நாட வேண்டும். அவரிடம் பொருள் இல்லையேல் தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடும்.

பஞ்சாயத்தின் கடமை

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அவசரச் சமரசத்துக்குத் துணைபோகலாகாது. காயமுற்றவரைத் தாலுக்காச் சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துச் செல்லுங்கள். பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், ஊனமுற்றோர், குறைந்த வருவாயுள்ளோர் ஆகியோருக்கு அங்கே இலவச வக்கீல் உதவி கிடைக்கும். ஊரில் ஒருவருடைய கால் முறிந்தால் ஒரு குடும்பத்தின் ஏர் நின்றுவிடுகிறது. அவ்வேருக்கு ஈடாகச் சட்டம் தருவதை, பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றுவிடாமல் காப்பது நம் அனைவரின் பொறுப்பாகும்.